ஒரு கட்டளையின் ஆயுசு

அதன் உடம்பில் நான்கு விவரங்கள்தான் இருக்கும். என்ன செய்யவேண்டும், எந்தச் சர்வர்கள் செய்யவேண்டும், யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது. அடையாளத்துக்கு ஒரு நீளமான எண்ணைச் சேர்த்தால்கூட இருநூறு, முந்நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். சர்வர் நிர்வாகத்தில் ஓடும் கட்டளைச் செய்தி பெரும்பாலும் இந்த அளவில்தான் பிறக்கிறது. பிறந்தபின் அது எங்கே காத்திருக்கும், எத்தனை நேரம் உயிரோடு இருக்கும், யார் கையில் முடியும் என்பதெல்லாம் மெசேஜ் புரோக்கர் என்ற நடு மென்பொருளை அமைத்தவர் எழுதிவைத்த வரிகளைப் பொறுத்தது. அப்படி ஒரு செய்தியோடு கடைசிவரை கூடவே போய்ப் பார்க்கலாம்.

பிறப்பு

2024 ஜூலை 1, திங்கட்கிழமை. அன்றைக்கு குவாலிஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் ஓர் ஓட்டையை வெளியிட்டது. எண் சிவிஇ-2024-6387. உலகத்து லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குள் நிர்வாகிகள் நுழையும் வாசலே இந்த மென்பொருள்தான். 2006-இல் அடைத்த ஓட்டை, 2020 அக்டோபரில் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்துகொண்டிருந்தது. 8.5 முதல் 9.7 வரையான பதிப்புகள் சிக்கின. 32 பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகளில், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ரூட் அதிகாரத்தையே பிடித்துவிடலாம் என்று குவாலிஸ் செய்து காட்டியது. அன்று மாலை உலகம் முழுக்க நிர்வாகிகளுக்கு வேலை ஒன்றுதான்: புதுப்பி.

அவர்களில் ஒருவர் சிவகிரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் தாண்டித் தென்காசிக்குப் போகும் நெடுஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெல்லும் கரும்பும் விளையும் ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வந்த தாலுகா. இந்தப் பக்கத்துக்கு மென்பொருள் வேலை புதிதில்லை. தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-இலேயே அலுவலகம் திறந்தது. கொரோனாவுக்குப் பின் சென்னை, பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டு மாடியறையிலிருந்தே பார்க்கிறவர்களும் இங்கே உண்டு. நம் நிர்வாகியின் பொறுப்பில் உள்ள நாற்பது சர்வர்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கின்றன. இங்கே ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் காலம். காற்று ஒரு வீச்சு வீசினால் கரண்டு போகும், பின்னாலேயே இணையமும் போகும்.

நாற்பது சர்வர்களுக்குள்ளும் அவரே ஒவ்வொன்றாக நுழைந்து புதுப்பிக்கலாம். ஆனால் இருபத்துமூன்றாவதில் இணைப்பு அறுந்தால் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று விடிய விடியத் தேடவேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. மாற்றப்போவது நுழைகிற வாசலையே. அமைப்புக் கோப்பில் ஒரு வரி பிசகிப் புதிய பதிப்பு கிளம்பாமல் போனால் திரும்ப நுழைய வழியில்லை. அதனால் அவர் தானே போவதில்லை. ஒரு செய்தியை அனுப்புகிறார். அதை எடுத்து நிறைவேற்ற ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற சின்ன நிரல் ஒன்று எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

புரோக்கரின் பூர்வீகம்

அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் ஒரு மென்பொருளை உட்காரவைக்கும் யோசனை சர்வர் அறையில் தோன்றியதல்ல. அது பணச்சந்தையில் பிறந்தது. பம்பாயில் பிறந்து அமெரிக்கா போன விவேக் ரணதிவே 1980-களின் நடுவில் டெக்னெக்ரான் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது வால் ஸ்ட்ரீட்டில் பங்கு வியாபாரியின் மேசையில் நாலைந்து திரைகள் இருக்கும். ஒவ்வொரு தகவல் நிறுவனத்துக்கும் ஒரு திரை. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தாலும் ஒரு பொதுத் தடத்தில் போடு, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்பது ரணதிவேயின் வழி. 1994-இல் ராய்ட்டர்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 1997-இல் டிப்கோ பிறந்தது. இதற்கு நடுவே 1993-இல் ஐபிஎம் தன் எம்க்யூசீரிஸை இறக்கியிருந்தது. விலை மட்டும் வங்கிகளுக்கே கட்டுப்படியாகும் விலை. ஒருவர் மென்பொருள் இன்னொருவர் மென்பொருளோடு பேசவும் பேசாது.

அந்த வங்கிகளில் ஒன்றிலிருந்தே மாற்று வந்தது. ஜேபி மார்கன் சேஸில் வேலை பார்த்த ஜான் ஓஹாரா, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது நெறிமுறை வேண்டும் என்று 2003-இல் தொடங்கியதுதான் ஏஎம்க்யூபி. அந்த நெறிமுறையைப் பேசும் ராபிட்எம்க்யூ 2007-இல் லண்டனில் வெளிவந்தது. அதை எழுதிய மொழி எர்லாங். எரிக்சன் நிறுவனம் தன் தொலைபேசி சுவிட்சுகளுக்காக 1986-இல் தொடங்கியது. மொழிக்குப் பெயர் கொடுத்த ஏ.கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909-இலேயே தொலைபேசி அழைப்புகளின் வருகையைக் கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதத்துக்கே அவர் முன்னோடி. ராபிட் பின்னர் கைமாறிக்கொண்டே வந்தது: 2010-இல் விஎம்வேர், 2013-இல் பிவோட்டல், மறுபடி விஎம்வேர், 2023 முதல் பிராட்காம். மூல நிரல் மட்டும் இன்றும் திறந்தே கிடக்கிறது.

சந்தை விலையைச் சுமந்த தடம் சர்வர் கட்டளையைச் சுமக்க ஆரம்பித்தது ஏறத்தாழ 2009, 2010 வாக்கில். ஆர்.ஐ. பீனார் எழுதிய எம்கலெக்டிவ், ஆக்டிவ்எம்க்யூ போன்ற புரோக்கர்கள் வழியாக ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு ஒரே மூச்சில் கட்டளை அனுப்பியது. 2010-இல் பப்பெட் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக், தன் உறுப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ராபிட்டைத்தான் நடுவில் வைத்தது. நம் செய்தியும் ராபிட் வழியாகவே போகட்டும்.

வாசல்

சிவகிரியிலிருந்து விபிஎன் வழியாகக் கிளம்பிய இணைப்பு புரோக்கரின் 5671-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. பூட்டில்லாத 5672 அங்கே மூடப்பட்டிருக்கிறது. டிஎல்எஸ் மறையாக்கம் உள்ள கதவு மட்டும் திறந்திருக்கிறது. மறையாக்கம் ஏற்பாடானதும் இணைப்பில் முதலில் போவது எட்டே பைட்டுகள். ஏஎம்க்யூபி என்ற நான்கு எழுத்துகள், பிறகு 0, 0, 9, 1 என்ற நான்கு எண்கள். இன்ன நெறிமுறையின் இன்ன பதிப்பைப் பேசப்போகிறேன் என்ற அறிமுகம் அது. புரோக்கருக்கு அது ஒத்துவராவிட்டால், தான் பேசும் பதிப்பைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடும்.

அடுத்தது பெயரும் கடவுச்சொல்லும். ராபிட்டை நிறுவியதும் கெஸ்ட் என்ற ஒரு பயனர் தயாராக இருப்பார், கடவுச்சொல்லும் கெஸ்ட்தான். ஊரறிந்த சாவி. 2014-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து இந்தப் பயனர் அதே இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டுமே நுழையமுடியும். ஆனாலும் ஒழுங்கான நிர்வாகி முதல் வேலையாக அவரை நீக்கிவிடுவார்.

பிறகு அனுமதிகள். ராபிட்டில் அனுமதி மூன்று வகை: அமைக்க, எழுத, படிக்க. மூன்றையும் எல்லாருக்கும் முழுசாக அள்ளிக்கொடுத்து, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட இடங்களில் பின்னால் தலைவலி நிச்சயம். சர்வர் நிர்வாகத்துக்குச் சரியான பங்கீடு எளியது. கட்டளை அனுப்புகிற கணக்கு கட்டளைப் பகுதியில் எழுதலாம். சர்வர்களின் வரிசையைப் படிக்கமுடியாது. ஒரு சர்வரின் கணக்கு தன் வரிசையை மட்டும் படிக்கலாம், பதில் பகுதியில் மட்டும் எழுதலாம். கட்டளைப் பகுதியில் எழுதமுடியாது. இந்தக் கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் நாற்பதில் ஒரு சர்வர் திருடன் கையில் சிக்கியதும் மீதி முப்பத்தொன்பதுக்கும் அவனே கட்டளையிடுவான்.

எந்த வரிசைக்கு?

உள்ளே வந்த செய்தி மூன்று துண்டுகளாக வருகிறது. ஏஎம்க்யூபியில் இவற்றுக்கு ஃபிரேம் என்று பெயர். முதல் ஃபிரேம், 'இதை வெளியிடு' என்ற உத்தரவு. இரண்டாவது, செய்தியின் அளவும் குணங்களும். மூன்றாவதுதான் உடம்பு. ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் ஏழு பைட்டு: வகைக்கு ஒன்று, தடத்துக்கு இரண்டு, நீளத்துக்கு நான்கு. ஒவ்வொன்றின் வாலிலும் 206 என்ற எண்ணைச் சுமக்கும் ஒற்றைப் பைட்டு. நீளம் சொன்ன இடத்தில் 206 இல்லையென்றால் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்; புரோக்கர் இணைப்பையே துண்டித்துவிடும்.

செய்தி நேராக வரிசைக்குப் போவதில்லை. முதலில் எக்ஸ்சேஞ்ச் என்ற இடத்துக்குப் போகிறது. செய்தியின் நெற்றியில் 'கமாண்ட்.சென்னை.வெப்.அப்டேட்' என்று புள்ளி வைத்துப் பிரித்த ஒரு முகவரிச் சொற்றொடர் ஒட்டியிருக்கிறது. ரௌட்டிங் கீ என்பார்கள். 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, எந்த மாதிரிச் சொற்றொடர் தனக்கு வேண்டும் என்று முன்பே பதிந்துவைத்திருக்கிறது. அந்தப் பதிவில் நட்சத்திரக் குறி ஒரு சொல்லுக்கு நிற்கும். ஹேஷ் குறி எத்தனை சொல்லுக்கும் நிற்கும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்தும். 'கமாண்ட்.சென்னை.ஹேஷ்' என்று பதிந்த சர்வருக்குச் சென்னைக்கான எல்லாக் கட்டளையும் வரும். 'கமாண்ட்.நட்சத்திரம்.வெப்.நட்சத்திரம்' என்று பதிந்ததற்கு எந்த ஊரானாலும் வெப் சர்வருக்கான கட்டளை வரும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சொற்றொடரில் சென்னை என்பதை யாரோ ஓர் எழுத்து பிசகி அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அது எந்தப் பதிவோடும் பொருந்தாது. புரோக்கர் என்ன செய்யும்? சத்தமில்லாமல் அந்தச் செய்தியைக் கீழே போட்டுவிடும். பிழைச்செய்தி வராது. 'மேண்டேட்டரி' என்ற கொடியை உயர்த்தி அனுப்பியிருந்தால் மட்டும், போக இடமில்லை என்று செய்தி திரும்பி வரும். பாதுகாப்புக் கட்டளைக்கு அந்தக் கொடி கட்டாயம். 'அனுப்பிட்டேன் சார்' என்ற பேச்சுக்கும் ஒரு சர்வர்கூட மாறாத நிலைமைக்கும் நடுவில் பல நேரம் இந்த ஒரு கொடிதான் நிற்கும்.

காத்திருப்பு

நம் செய்தி பொருந்தியது. நாற்பது வரிசைகளிலும் ஏறிவிட்டது. இனிதான் அதன் வாழ்க்கையில் முக்கியமான கட்டம்.

சிவகிரிக்குத் தெற்கே புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் போனவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். விவசாயி மூட்டையை இறக்குவார். மண்டியில் எடைபோட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டு கைக்கு வந்தபின் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். வாங்குகிற லாரி எப்போது வந்தால் என்ன? புரோக்கர் தரும் சீட்டுக்கு 'கன்ஃபர்ம்' என்று பெயர். அதைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்காதவருக்கு அது தானாக வராது.

வரிசையை 'டியூரபிள்' என்று அறிவித்திருந்தால்தான் புரோக்கர் அணைந்து எழுந்தபின்னும் அந்த வரிசை இருக்கும். வரிசை இருந்தால் மட்டும் போதாது. செய்தியின் குணப் பட்டியலில் 'டெலிவரி மோட்' என்ற இடத்தில் 2 என்று எழுதியிருந்தால்தான் செய்தி வட்டில் ஏறும். 1 என்று எழுதியிருந்தால் அது பிழைத்திருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2019-இல் 3.8 பதிப்போடு வந்த குவோரம் வகை வரிசைகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லாச் செய்தியும் வட்டுக்குப் போகும்.

சீட்டு சிவகிரிக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் காற்றில் எங்கோ கம்பி அறுந்து இணையம் போய்விடுகிறது. மடிக்கணினிக்கும் புரோக்கருக்கும் நடுவில் முப்பது விநாடிக்கு ஒருமுறை போய்வரும் ஹார்ட்பீட் நிற்கிறது. அறுபது விநாடி பார்த்துவிட்டு அந்த இணைப்பு செத்துவிட்டது என்று புரோக்கர் குறித்துக்கொள்கிறது. செய்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்பியவர் போனால் என்ன, அது வரிசையில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து இளைய நிர்வாகியின் போன் வருகிறது.

"அண்ணே, லைன்ல இருந்து போயிட்டீங்களே. அப்டேட் என்னாச்சு?"

"நெட்டு போச்சுப்பா. நீ ரிப்ளை க்யூவைப் பாரு. எத்தனை வந்திருக்கு?"

"இருபத்தாறுண்ணே. இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு."

புரோக்கர் வைத்திருப்பதன் பயன் இவ்வளவுதான், ஆனால் இதுவே பெரிய பயன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டியதில்லை.

கைக்குப் போனபின்

சர்வரில் இருக்கும் ஏஜென்ட் தன் வரிசையிலிருந்து செய்தியை எடுக்கிறது. எத்தனை செய்திகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 'ப்ரீஃபெட்ச்' என்று ஓர் அளவு உண்டு. சர்வர் நிர்வாகத்துக்கு அது 1 என்று இருப்பதே நல்லது. ஒரு பக்கம் புதுப்பித்துக்கொண்டே இன்னொரு பக்கம் ரீபூட் கட்டளையையும் கையில் எடுத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

எடுத்ததுமே 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்லவைக்கலாம், முடித்தபின் சொல்லவைக்கலாம். முதலாவது தானியங்கி முறை, அமைக்க சுலபம். ஆனால் ஏஜென்ட் செய்தியை எடுத்து, வேலையைத் தொடங்கி, நடுவில் செத்துப்போனால் செய்தி எந்தப் பக்கமும் இல்லை. அதனால் அனுபவசாலிகள் வேலை முடிந்தபின்தான் 'அக்' அனுப்பவைப்பார்கள். அக் வராமல் இணைப்பு அறுந்தால் செய்தி மறுபடி வரிசைக்கு வரும். 'இது முன்பே ஒருமுறை கொடுக்கப்பட்டது' என்ற முத்திரையும் அதில் விழுந்திருக்கும். வெகுநேரம் அக் இல்லாமல் கையில் வைத்திருக்கவும் முடியாது. வழக்கமான அமைப்பில் முப்பது நிமிடம் கழித்துப் புரோக்கர் அந்தத் தடத்தை மூடிவிடும்.

அப்படியானால் ஒரே கட்டளை இரண்டு முறை வரலாம். இதிலிருந்து தப்ப வழியில்லை. தாங்கிக்கொள்ளும்படி கட்டளையை எழுதுவதே வழி. 'ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சைப் புதுப்பி' என்பது இரண்டு முறை வந்தாலும் பாதகமில்லை. இரண்டாம் தடவை செய்ய ஒன்றும் இருக்காது. 'நூறு ஜிபி வட்டைச் சேர்' என்பது இரண்டு முறை வந்தால் இருநூறு ஜிபிக்குப் பில் வரும். அதற்குத்தான் அந்த நீளமான அடையாள எண். ஏஜென்ட் தான் முடித்த எண்களை ஒரு கோப்பில் குறித்துவைத்து, அதே எண் மறுபடி வந்தால் அக் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடவேண்டும்.

அன்று இரவுக்குள் முப்பத்தொன்பது வரிசைகள் காலியாகின்றன. முப்பத்தொன்பது பதில்கள் வந்துவிட்டன. நாற்பதாவது வரிசையில் மட்டும் செய்தி அப்படியே இருக்கிறது. அந்தச் சர்வர் வட்டு மாற்றுவதற்காக அணைக்கப்பட்டிருக்கிறது.

காலாவதி

மூன்று நாள் கழித்து அந்தச் சர்வர் எழுந்திருக்கிறது. எழுந்ததும் தன் வரிசையைப் பார்க்கிறது. அங்கே திங்கட்கிழமைக் கட்டளை. அது நிறைவேறவேண்டுமா?

இந்த ஓட்டை விஷயத்தில் நிறைவேறத்தான் வேண்டும். தூங்கி எழுந்த சர்வர்தான் பழைய ஓட்டையோடு இருக்கிறது. இந்தச் செய்தி மூன்று நாள் தாமதமாக வந்தாலும் வரவேண்டிய செய்தி. ஆனால் அதே வரிசையில் திங்கட்கிழமை யாரோ அனுப்பிய 'உடனே ரீபூட் செய்' என்ற செய்தியும் இருந்தால்? வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும் வியாழக்கிழமை மதியத்தில் அது நிறைவேறும். கேட்டவருக்கே தான் கேட்டது மறந்திருக்கும். தொலைந்த கட்டளையைவிடச் சாகாத கட்டளை ஆபத்தானது.

அதனால் ஒவ்வொரு செய்திக்கும் ஆயுசு எழுதவேண்டும். டிடிஎல் என்பது இதுதான். எம்கலெக்டிவ் தன் செய்திகளுக்கு வைத்திருந்த வழக்கமான ஆயுசு அறுபதே விநாடி. அதற்கு எல்லாச் சர்வர்களின் கடிகாரமும் ஒத்திருக்கவேண்டும். இரண்டு நிமிடம் முந்தி ஓடும் சர்வர், சுடச்சுட வந்த கட்டளையையும் காலாவதி என்று தள்ளிவிடும். என்டிபி வழியாகக் கடிகாரங்களை ஒத்துவைப்பது சில்லறை வேலையாகத் தெரியும். கட்டளை போய்ச் சேரவில்லை என்ற புகாரோடு வருகிறவரிடம் பழைய கைகள் முதலில் கேட்பது, 'அந்தச் சர்வர்ல மணி என்ன காட்டுது?'

ராபிட்டில் ஆயுசை மில்லி விநாடியில் எழுதவேண்டும். ஒரு நிமிடத்துக்கு 60000. ஏழு நாளுக்கு 604800000. விநாடிக் கணக்கில் யோசித்து 60 என்று எழுதிவிட்டால் அந்தச் செய்தியின் ஆயுசு ஒரு விநாடியில் நூற்றுக்கு ஆறு பங்கு. எடுக்க ஆள் தயாராக நின்றால் பிழைக்கும், இல்லாவிட்டால் பிறந்த இடத்திலேயே முடிந்துவிடும். சோதனை இயந்திரத்தில் எல்லாம் சரியாக ஓடி, வேலை நெருக்கும் நாளில் மட்டும் செய்திகள் மாயமாகும் மர்மத்துக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ஆயுசு முடிந்த செய்தி எங்கே போகிறது என்பதையும் எழுதிவைக்கலாம். 'டெட் லெட்டர்' எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்றைக் காட்டிவிட்டால், காலாவதியானது, ஏஜென்ட் மறுத்தது, வரிசை நிரம்பி வழிந்தது எல்லாம் அங்கே போய்ச் சேரும். எந்த வரிசையில், எப்போது, என்ன காரணத்தால், எத்தனை முறை என்ற விவரம் செய்தியின் தலைப்பகுதியிலேயே பதிந்திருக்கும். காலையில் வந்ததும் அந்த எக்ஸ்சேஞ்சோடு இணைத்த வரிசையை ஒரு முறை திறந்து பார்க்கிற பழக்கம் உள்ள இடத்தில் பாதிப் பிரச்சினை பெரிதாகும் முன்பே பிடிபடும். காட்டாத இடத்தில் அந்தச் செய்திகள் சுவடில்லாமல் மறையும்.

நம் நாற்பதாவது செய்திக்கு ஏழு நாள் ஆயுசு கொடுக்கப்பட்டிருந்தது. நான்காம் தேதி அது நிறைவேறியது.

புரோக்கரே விழுந்தால்

எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் படுத்துக்கொண்டால் எல்லாம் படுத்துவிடும். அதனால் புரோக்கரை ஒற்றையாக வைப்பதில்லை. மூன்று இயந்திரங்களில் வைப்பார்கள். இரண்டு வைத்தால் நடுவில் இணைப்பு அறுந்ததும் இரண்டும் 'நானே மிச்சம்' என்று நினைத்துக்கொள்ளும் வாய்ப்புண்டு; மூன்றில் பெரும்பான்மை எது என்பது எப்போதும் தெளிவு. குவோரம் வரிசைகள் ராஃப்ட் என்ற முறையில் நடக்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் டியேகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் 2014-இல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு இயந்திரங்கள் எழுதிக்கொண்டபின்தான் அனுப்பியவருக்குச் சீட்டு. முன்பு இந்த வேலையைப் பார்த்துவந்த மிரர் வரிசைகளை 2024-இன் 4.0 பதிப்பு முற்றாக நீக்கிவிட்டது. இன்னும் பழைய முறையில் ஓட்டுகிறவர்கள் பதிப்பு மாறும்முன் வரிசைகளை மாற்றியே ஆகவேண்டும்.

வட்டில் மீதமுள்ள இடம் 50 எம்பிக்குக் கீழே போனால் ராபிட் புதிய செய்திகளை நிறுத்திவைக்கும். அதுதான் வழக்கமான அமைப்பு. மேசையில் விளையாடிப் பார்க்க அந்த அளவு சரி. நாற்பது சர்வர்கள் நம்பியிருக்கும் புரோக்கருக்கு அதைச் சில ஜிபிக்கு உயர்த்துவதே புத்தி. இல்லையென்றால் எச்சரிக்கை வரும் நேரத்தில் வட்டு ஏறக்குறைய நிரம்பியே இருக்கும்.

விழுவதைவிட மோசமானது, புரோக்கர் எதிராளி கைக்குப் போவது. இதற்கு உலகம் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. தாமஸ் ஹாட்ச் 2011-இல் வெளியிட்ட சால்ட் என்ற சர்வர் நிர்வாக மென்பொருள், தனிப் புரோக்கர் இல்லாமல், சீரோஎம்க்யூ நூலகத்தின் துணையோடு தன் மாஸ்டர் சர்வரையே நடுவில் வைத்து 4505, 4506 போர்ட்டுகள் வழியாகச் செய்தி பரப்புகிறது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி எஃப்-செக்யூர் நிறுவனம் அதில் ஓர் ஓட்டையை அறிவித்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே மாஸ்டரிடம் கட்டளை கொடுக்கமுடிந்தது. இணையத்தில் திறந்தபடி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாஸ்டர்கள் கிடந்தன. திருத்திய பதிப்பு அதற்குள் வந்துவிட்டது. ஆனால் பலர் மாற்றவில்லை. அந்த வார இறுதியிலேயே லினியேஜ்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டன. கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளத்தின் சர்வர்களில் கிரிப்டோ காசு தோண்டும் நிரல் இறக்கப்பட்டது. சிபியுக்கள் திடீரென்று முழு வேகத்தில் ஓடியதைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரிந்தது. நூறு சர்வர்களை நூறு முறை உடைக்கவேண்டியிருக்கவில்லை. கட்டளை போகும் நடுப்புள்ளியை ஒருமுறை உடைத்தால் போதுமாயிருந்தது.

அதனால் இரண்டு விதிகள். ஒன்று, புரோக்கரின் எந்தப் போர்ட்டும் பொது இணையத்தைப் பார்க்கக்கூடாது. நிர்வாகப் பக்கம் ஓடும் 15672-உம் அதில் சேர்த்தி. இரண்டு, ஏஜென்ட்டுகள் புரோக்கரையும் முழுசாக நம்பக்கூடாது. கட்டளையை அனுப்புகிறவர் தன் தனிச் சாவியால் கையொப்பமிடவேண்டும். ஏஜென்ட் அதைச் சரிபார்த்தபின்தான் செயல்படவேண்டும். எம்கலெக்டிவ் இந்த வசதியைக் கொண்டிருந்தது. பீனார் பின்னர் என்ஏடிஎஸ் புரோக்கரை வைத்து எழுதிய கோரியாவும் கொண்டிருக்கிறது. அப்போது புரோக்கர் எதிரி கைக்குப் போனாலும் அவனால் செய்திகளை நிறுத்தமுடியும், புதிதாக ஒரு கட்டளையை உண்டாக்கமுடியாது.

ராபிட்டை நிறுவ ஒரு மதியம் போதும். வழக்கமான அமைப்போடு அது உடனே ஓடவும் செய்யும். அதுதான் அதன் வசதி, அதுவே அதன் பொறி. பூட்டில்லாத போர்ட், கேட்காத சீட்டு, வட்டில் ஏறாத செய்தி, ஆயுசு எழுதாத கட்டளை எதுவும் முதல் நாள் குறை காட்டாது. காற்றடிக்கிற நாளில்தான் காட்டும். உங்கள் பொறுப்பில் ஒரு புரோக்கர் இருந்தால் இந்த வாரமே ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி, அனுப்பிய கையோடு உங்கள் இணைப்பைப் பிடுங்குங்கள். பெறுகிற சர்வர் ஒன்றையும் அணைத்துவையுங்கள். மறுநாள் அந்தச் செய்தி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எங்கே இருக்கும் என்று தேடும் முன்பே உங்களால் சொல்லமுடிந்தால் அமைப்பு சரி. சொல்லமுடியாவிட்டால் இன்னும் அமைத்து முடிக்கவில்லை.